கவியோட கழுத்து

மல்லி,

வளைகாப்புக்கு வரலைன்னு வாட்ஸப்ல நீ திட்டினது போதும்டி. மாமாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. இவருக்கு மாற்றல் இந்த வருஷமும் இல்லை. இனி எங்க பொண்ணு கவி விஷயம்.

ஆடியிலிருந்தே தாடையோரம் கட்டி கட்டியா பரு, தொட்டா வலி. வர்றவங்க போறவங்க எல்லாரும் வைத்தியர். ஜாதிக்காய் இழைச்சுப் போடு, வடை பஜ்ஜியை நிறுத்து, சோப்பை மாத்து. கொஞ்ச நாள் மஞ்சளைப் பூசிக்கிட்டு மஞ்சக்கிழங்கு மாதிரியே காலேஜுக்குப் போனா! பக்கத்து வீட்டு அக்கா மருந்துக் கடையில கேட்டு ஒரு க்ரீம் வாங்கிக் கொடுத்தாங்க. முகம் பளபளன்னு ஆச்சு. நிறுத்தினதும் ரெண்டு மடங்கா வந்தது. அதுல ஸ்டீராய்டு இருந்திருக்கு.

கடைசியா தோல் டாக்டர்கிட்ட போனோம். அந்தம்மா முகத்தை அப்புறம்தான் பார்த்தாங்க. முதல்ல பின்னலை ஒதுக்கிட்டுப் பிடரியைப் பார்த்தாங்க. அங்கே தோல் தடிச்சுக் கருத்து, வரி வரியா இருக்கு. எங்க அத்தை வாரா வாரம் பயத்தமாவும் பீர்க்கங்கூடும் வச்சுத் தேய் தேய்னு தேய்க்கிற இடம்! "இது அழுக்கு இல்லம்மா, உடம்புல இன்சுலின் அதிகமா சுரக்குதுங்கிறதுக்கு அடையாளம்"னாங்க. அடுத்த கேள்வி, தீட்டு மாசா மாசம் வருதா? ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதரம்தான்.

ரத்தப் பரிசோதனையை தீட்டான ரெண்டாம் நாளிலிருந்து அஞ்சாம் நாளுக்குள்ள, காலையில எடுக்கணுமாம். மொத்த டெஸ்டோஸ்டீரோன் (ஆண் ஹார்மோன்தான், பெண்கள் உடம்புலயும் கொஞ்சம் இருக்கும்), டி.எச்.இ.ஏ.எஸ். (சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற அட்ரீனல் சுரப்பியோட ஹார்மோன்), ப்ரோலாக்டின், தைராய்டு, வெறும் வயித்து இன்சுலின், எஸ்.எச்.பி.ஜி. லேப்காரத் தம்பி ரிப்போர்ட்டைக் கையில கொடுத்து "டெஸ்டோஸ்டீரோன் நார்மல்தான்க்கா"ன்னான். அத்தை உடனே "ஒண்ணுமில்லைன்னு நான் சொல்லலை?"ன்னாங்க.

விஷயமே அங்கேதான் இருக்கு, கேளு. எஸ்.எச்.பி.ஜி.ங்கிறது ரத்தத்துல ஒரு புரதம். அது டெஸ்டோஸ்டீரோனைப் பிடிச்சு வச்சுக்கும். பிடிபட்டது வேலை செய்யாது. இன்சுலின் ஏறினா கல்லீரல் அந்தப் புரதத்தைக் குறைச்சுடும். அப்ப மொத்தக் கணக்கு நார்மலாவே இருக்கும், கட்டில்லாமத் திரியிறது மட்டும் கூடிடும். அதுதான் எண்ணெய்ச் சுரப்பியைப் போய்த் தூண்டுது. கவிக்கு இன்சுலின் மேல, எஸ்.எச்.பி.ஜி. கீழ. ஸ்கேனும் பார்த்தாச்சு, பி.சி.ஓ.டி.தான், அதான் ஹார்மோன் தாறுமாறாகி தீட்டு தள்ளிப்போற சினைப்பைப் பிரச்சினை. சில பேருக்கு ரத்தத்துல எல்லாமே சரியா இருந்தும் பரு வருமாம், தோல்ல இருக்கிற அந்தச் சுரப்பியே டி.எச்.இ.ஏ.எஸ்.ஸை எடுத்து வீரியமான ஹார்மோனா மாத்திக்குமாம்.

எனக்குத் தூக்கம் போச்சு, ராத்திரியெல்லாம் படிச்சேன். (விலங்கியல்ல ஜஸ்ட் பாஸ் பண்ணினவ படிக்கிறாளான்னு சிரிக்காதே.) லாரான் சிண்ட்ரோம்னு ஒண்ணு, இஸ்ரேல்ல 1966-ல விவரிச்சது. அவங்க உடம்புல ஐ.ஜி.எஃப்.-1ங்கிற, இன்சுலினுக்குச் சொந்தக்கார ஹார்மோன் மிகக் குறைவு. உயரம் வளராது, பருவும் அபூர்வம். அதையே ஊசியா அளவு மீறிப் போட்டப்ப சில பெண்களுக்குப் பரு வந்திருக்கு, அளவைக் குறைச்சதும் போயிடுச்சு. இதைப் படிச்சதும் எழுப்பி அத்தைகிட்ட காட்டலாமான்னு இருந்தது.

இப்ப ராத்திரி அடாபலீன்ங்கிற பரு மருந்து, பட்டாணி அளவு, முகம் முழுக்கப் பூசறா. பலன் தெரிய மூணு மாசம் ஆகும்னாங்க. சர்க்கரையைக் குறைச்சு, சாயங்காலம் நடக்கச் சொல்லியிருக்காங்க. மாத்திரை பத்தி அடுத்த தடவை. எனக்குப் பயம் பரு இல்லைடி. இந்த இன்சுலின் விஷயம் கவனிக்காம விட்டா பின்னால சர்க்கரை நோயில கொண்டு போய் விடலாம்னாங்க. எங்கப்பா கால் விரலை எடுத்த கதை உனக்குத் தெரியும். அதை நினைச்சாத்தான் வயித்தைக் கலக்குது. அவகிட்ட இதைச் சொல்லலை. சொல்லணுமா, நீயே சொல்லு.

உன் சின்னவளுக்கும் கழுத்து கருத்திருக்குன்னு பொங்கலப்ப சொன்னியே. தேய்க்கிறதை நிறுத்திட்டு டாக்டர்கிட்ட காட்டு. காட்டிட்டு எனக்கு போன் பண்ணு, ஒன்பது மணிக்கு மேல, அத்தை தூங்கினப்புறம்.

உன்
சரசு