மாத்திரைக்கு அடங்குவதும் அடங்காததும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்கியும் திங்கள் காலை பல் தேய்க்கக்கூடத் தெம்பில்லை என்று எழுதியிருந்தாய். பதற்றத்துக்கு மாத்திரை ஆரம்பிக்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அந்தக் களைப்பும் பதற்றமும் வேறு வேறு விஷயங்கள். பதற்றத்துக்கு மாத்திரை உண்டு. உன்னைப்போல ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வரும் பர்ன்அவுட்டுக்கு, அதாவது தாங்க முடியாத பாரத்தால் உடலும் மனமும் ஓய்ந்துபோவதற்கு, மாத்திரை கிடையாது; பாரத்தைக் குறைத்தால்தான் அது தணியும். குழப்பிக்கொண்டால், மாத்திரையும் போட்டுக்கொண்டு அதே பாரத்தையும் சுமந்துகொண்டிருப்பாய்.

பதற்றம் பெரும்பாலும் ஏதாவது ஒன்றைச் சுற்றித்தான் வரும்: நாளைய மீட்டிங், வராத பதில், கடைசி நேரத்தில் மாறிய திட்டம். அது முடிந்தால் படபடப்பும் இறங்கும். பர்ன்அவுட் அப்படி இறங்காது. அமெரிக்காவில் டோரா ரேமேக்கர் குழுவினர் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று அடையாளங்கள் இருக்கின்றன: பொதுவாக 3 மாதத்துக்கு மேல் நீளும் களைப்பு, தெரிந்த வேலை கைவிட்டுப் போவது, சத்தமும் வெளிச்சமும் முன்னைவிடத் தாங்க முடியாமல் போவது. நடுவில் உள்ளதை நன்றாகக் கவனி. வருஷக்கணக்காக வைக்கிற ரசம்தான். புளி கரைத்தாயிற்று, அடுத்து என்ன என்று அடுப்பு முன்னால் நின்றுவிடுவாய். ஓடிபி வந்திருக்கும், ஆறு எண்ணும் கண்ணுக்குத் தெரியும், விரல் நகராது. அதைச் சோம்பேறித்தனம் என்று நீயே உன்னைத் திட்டிக்கொள்ளாதே, கண்ணு.

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பு) நான்கையும் பரிசோதித்துவிடு. நீ சாப்பிடுவதே நாலைந்து வகைதான். பி12 குறைந்தாலும் இதே களைப்புதான் வரும். மருத்துவர் இதை மனச்சோர்வு என்று சொல்லி, 'வெளியே போங்கள், நாலு பேரைப் பாருங்கள்' என்று அறிவுரை வரலாம். மனச்சோர்வுக்கு அது உதவும், பர்ன்அவுட்டில் அதுவே கூடுதல் சுமை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் 'ஆசை இருக்கிறது, தெம்பில்லை' என்பதா, 'ஆசையே போய்விட்டது' என்பதா என்று தெளிவாக எழுதிக் கொண்டுபோ. வாயால் சொல்லும்போது வார்த்தை வராது, தாளை நீட்டிவிடு.

'இப்போது எப்படி இருக்கிறாய்' என்ற கேள்வி உனக்கு உதவாது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தன் உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே சிரமம். பசியும் தாகமும்கூடத் தாமதமாகத்தான் தெரியும். ஆகவே 10, 1, 4, 7 மணிக்கு அலாரம் வை. அடித்ததும் மூன்றே கேள்வி: தண்ணீர் குடித்தேனா, சாப்பிட்டேனா, தோள் காதுவரை ஏறியிருக்கிறதா. ராத்திரி ஒரே வரி: எத்தனை மணி நேரம் தூக்கம், எத்தனை மணி நேரம் ஆட்கள் முன்னால் சகஜமாக இருப்பதுபோல நடித்தேன், எந்த வேலை கைவிட்டது. இரண்டு வாரத்தில் எந்த நாள் உன்னைச் சாய்க்கிறது என்று அந்த நோட்டே காட்டும்.

காதடைப்பான் வேலை செய்யவில்லை என்றாயே, பெரும்பாலும் போடும் முறையில்தான் கோளாறு. ஃபோமை விரலால் உருட்டி மெல்லிய குச்சியாக்கு. மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலேயும் பின்னேயும் இழு. உள்ளே விட்டு, அது விரியும்வரை 30 விநாடி விரலால் பிடித்திரு. சரியாக அடைக்காவிட்டால் ஏசியின் உறுமல் மாதிரித் தாழ்ந்த சத்தம்தான் முதலில் உள்ளே வரும். அமைதியான அறையில் கழற்றிவிடு. நாள் முழுக்கப் போட்டால் காது இன்னும் கூச ஆரம்பிக்கும்.

இனி மாத்திரை. பதற்றத்துக்குத் தினமும் போடும் செர்ட்ராலின் மாத்திரையை எழுதிக்கொடுத்தால், 50 மில்லிகிராமில் தொடங்காமல் 25இல், முடிந்தால் அதிலும் பாதியில் தொடங்கலாமா என்று கேள். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குப் பக்கவிளைவு சிறு அளவிலேயே வந்துவிடும். முதல் இரண்டு வாரம் வயிறு கலங்கும், தூக்கம் கெடும், பதற்றமே கொஞ்சம் கூடலாம். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். ஆனால் இருப்புக்கொள்ளாத தவிப்போ, சாக வேண்டும் என்ற நினைப்போ வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடு. திடீரென்று நிறுத்தாதே, தலை சுற்றும், மண்டைக்குள் ஷாக் அடிப்பதுபோல இருக்கும். அல்பிரசோலம் என்ற மாத்திரை பதற்றத்தை உடனே அடக்கும், ஆனால் சில வாரத்திலேயே அது இல்லாமல் முடியாது என்று பழக்கமாகிவிடும். ப்ரொப்ரனலால் என்ற இன்னொரு மாத்திரை நெஞ்சுப் படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், ஆனால் உனக்குச் சின்ன வயசில் வீசிங் இருந்தது. அதைச் சொல்லாமல் வாங்கவே கூடாது.

மாத்திரை இல்லாமல் சிபிடி என்ற பேச்சு சிகிச்சைக்குப் போனாலும் சரிதான். ஒன்றை மட்டும் தெரபிஸ்டிடம் முதலிலேயே சொல்லிவிடு: ஃபோன் பேசும் பயம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினால் குறையும், டியூப்லைட் மினுக்கல் பழகப் பழகக் குறையாது, களைப்புதான் ஏறும். முதலாவதற்குப் பயிற்சி, இரண்டாவதற்கு விளக்கை மாற்றுவதுதான் வழி.

ஆபீஸில் மூன்றே விஷயம் கேள், மின்னஞ்சலில்: மீட்டிங்குக்கு முந்தின நாளே என்ன பேசப்போகிறார்கள் என்று எழுத்தில், இரண்டு மீட்டிங்குக்கு நடுவே 15 நிமிடம், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவுப்படி தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். எச்ஆரிடம் அந்தக் கொள்கையைக் கேட்பதிலிருந்தே தொடங்கலாம்.

ரொம்ப முடியாமல் போனால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்; ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். பேசவே முடியாவிட்டால் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு புள்ளி வை, போதும். நான் திருப்பிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க மாட்டேன். அப்பாவோ நானோ அன்று ராத்திரியே பஸ் ஏறிவிடுவோம்.

பார்சலில் பருப்புப்பொடி அரைக் கிலோ அனுப்பியிருக்கிறேன். குக்கரில் சாதம் மட்டும் வை. ஒரு கரண்டி பொடி, ஒரு ஸ்பூன் நெய், பிசைந்து சாப்பிடு. மூன்று வாரம் அதையே சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது.

அம்மா