யோசிக்கச் சோம்பல்பட்டவள் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுகதைப் போட்டி முடிவுகளோடு சென்ற இதழில் நீங்கள் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன். வென்றவர்களுக்கு வாழ்த்துகள். முதல் பரிசுக் கதை உண்மையிலேயே நன்றாக இருந்தது. சண்டைக்கு வருவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவதுதான் முறை.

குறிப்பின் கடைசிப் பத்தியில், "யோசிக்கச் சோம்பல்பட்டுச் சிலர் எந்திரத்தை நாடியிருந்தது வருத்தமளித்தது" என்று ஒரு வாக்கியம். அந்தச் சிலரில் நானும் ஒருத்தி. நான் ஒருத்தி மட்டும்தானோ என்னவோ. உங்கள் படிவத்தில் "ஏஐ உதவி பெறப்பட்டதா?" என்ற இடத்தில் "ஆம்" என்று எழுதிய பைத்தியக்காரி வேறு யாரும் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. முழுக் கதையையும் அதை விட்டே எழுதவைத்துவிட்டு "இல்லை" என்று டிக் அடித்தவரை நீங்கள் எப்படிப் பிடிப்பீர்கள்? "மென்பொருள் வழியே சோதிக்கப்படும்" என்று விதிமுறையில் போட்டிருக்கிறீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு சோதிப்பானை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே வருடம் ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏஐ எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர்கள் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ தலையில் கட்டியது. அதுவும் ஆங்கிலத்தில். எங்கள் ஊர் வட்டார வழக்கில் எழுதிய கதையை அது என்ன பாடு படுத்தும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். உங்கள் அலுவலகத்தில் இருக்கும் மென்பொருள் அதைவிட மேலானது என்றால் ஓப்பன்ஏஐக்கு எழுதிப் போடுங்கள், நல்ல விலை கொடுப்பார்கள்.

நடந்தது இதுதான். சாத்தூர்ப் பக்கம் ஒரு பூர்வீக வீடு. அக்கா, தங்கை, ஒரு தம்பி. பாகப்பிரிவினை. அக்கா பங்கு கேட்க ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில் கதை நின்றுவிட்டது. மாதக்கணக்கில் அவள் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றாள். கதை நின்றுபோவது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் ஒரு காலத்தில் கதை எழுதியவர்தான்.

"அடுத்து என்ன நடக்கும்" என்று முதலில் சாட்ஜிபிடியிடம் கேட்டேன். அது கொடுத்ததைப் பார்த்திருந்தால் உங்களுக்கு இருக்கும் பயம் அன்றைக்கே போயிருக்கும். அக்காவும் தம்பியும் கொட்டும் மழையில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். வேறு மாதிரி சொல் என்றால், அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய கடிதம் கிடைத்தது. இன்னும் வேறு மாதிரி என்றால், இருவரும் காபி குடித்தபடி மௌனமாகச் சூரிய அஸ்தமனம் பார்த்தார்கள். (பாகம் பிரிக்க வந்த வீட்டில் காபி எங்கிருந்து வரும்?) 2024இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஏஐயிடம் யோசனை வாங்கி எழுதியவர்களின் கதைகள் தனித்தனியாகப் பார்க்கும்போது கொஞ்சம் மேம்பட்டிருந்தன, ஆனால் மொத்தமாகப் பார்த்தால் ஒன்றின் சாயல் இன்னொன்றில் இருந்தது என்றார்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்தபோதே எனக்கு அது தெரிந்துவிட்டது.

அப்புறம் முறையை மாற்றினேன். "நீ ஒரு வரிகூட எழுத வேண்டாம். நான் கதையைச் சொல்கிறேன், கேள்வி மட்டும் கேள்" என்றேன். கேள்விகளில் பாதி அசட்டுத்தனம். ஆனால் ஒரு கேள்வி நின்றது: "வீடு யார் பெயரில் இருக்கிறது? அக்காவுக்குச் சட்டப்படி பங்கு உண்டா, இல்லை தம்பி பார்த்துக் கொடுப்பதா?" அதுவரை நான் அக்காவின் மனசைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன். பத்திரத்தின் பக்கம் போகவே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதனிடமே கேட்டால், பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு 2005இல்தான் வந்தது என்று அடித்துப் பேசியது. தமிழ்நாட்டில் 1989இலேயே வந்துவிட்டது என்பது அதற்குத் தெரியவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த அந்தத் திருத்தத்தில் ஒரு கொக்கி இருந்தது, உங்களுக்குத் தெரியாததா? 1989 மார்ச் 25க்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு அந்தப் பங்கு கிடையாது. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் இருக்கும் பத்திர எழுத்தர். என் கதை நடப்பது 1995இல். அக்காவுக்கு 1987இல் கல்யாணம் ஆனது, தங்கைக்கு 1991இல். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் சின்னவள் பங்காளி, பெரியவள் விருந்தாளி. அக்காவின் படிப்பைப் பாதியில் நிறுத்தி அவசரமாகக் கட்டிக்கொடுத்தது யார் என்று யோசித்தேன், அவள் பஸ் ஸ்டாண்டை விட்டு நடக்க ஆரம்பித்துவிட்டாள். இதில் சோம்பல் எந்த இடத்தில் இருக்கிறது என்று உங்கள் குறிப்பை எழுதிய கை எனக்குக் காட்டித்தர வேண்டும்.

கதை முழுக்க என் கையெழுத்தில் நோட்டில் இருக்கிறது. வேண்டுமானால் அனுப்புகிறேன். திரும்பி வரும் என்ற நம்பிக்கைதான் இல்லை. சுயவிலாசமிட்டு, தபால்தலை ஒட்டி, கதையோடு நான் வைத்து அனுப்பிய உறைகள் ஒன்றுகூட இன்றுவரை ஊர் திரும்பவில்லை.

எழுதத் தொடங்கிவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தீபாவளிச் சிறப்பிதழில் என் கதையின் கடைசிப் பத்தி, ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டது. கதாநாயகி கதவைத் திறப்பதோடு கதை முடிந்தது. "வாசகரின் ஊகத்துக்கு விட்ட நவீன முடிவு" என்று உங்கள் பத்திரிகைக்கே பாராட்டிக் கடிதம் வந்தது. அந்தப் பாராட்டு நியாயமாக உங்கள் லே-அவுட் செய்பவருக்குப் போயிருக்க வேண்டும். அன்றைக்கு என் கதையில் இன்னொருவர் கை வைத்ததை எந்தப் படிவத்திலும் யாரும் எழுதச் சொல்லவில்லை.

போன வருடம் வந்த கதைக்குப் போட்ட படத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் பெண், முந்தானையை வலது தோளில் போட்டிருக்கிறாள். பின்னால் நிற்கும் பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், தமிழும் இல்லாமல் மலையாளமும் இல்லாமல் ஏதோ புழு நெளிகிறது. முன்பெல்லாம் படத்தின் மூலையில் ஓவியரின் கையெழுத்து இருக்கும். அவர் இப்போது எங்கே இருக்கிறார்? கதை எழுதுகிறவளிடம் உறுதிமொழி வாங்கும் பத்திரிகை, அந்தப் படத்துக்கு யாரிடம் உறுதிமொழி வாங்கியது?

நான் தொலைபேசித் துறையில், வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுக்கும் டிரங்க் கால் போர்டில் வேலை பார்த்தவள். நைட் டூட்டியில் இரண்டு மணிக்கு மேல் கால் குறையும். எழுதிக்கொண்டிருக்கும் கதை எங்காவது நின்றுபோனால் பக்கத்து சீட் அக்காவிடம் சொல்வேன். அவர் ஹெட்செட்டைக் கழற்றாமலே, "சரி, அந்த மாமியார் எதுக்குடி அங்க போனா?" என்பார். பதில் சொல்ல வாய் திறக்கும்போது கதை கிடைத்துவிடும். உங்கள் பத்திரிகையில் வந்த என் ஆரம்பகாலக் கதைகளில் பல அப்படி முடிந்தவைதான். யாரும் அதை மோசடி என்று சொல்லவில்லை. இப்போது அந்தப் போர்டும் இல்லை, அக்காவும் இல்லை. வீட்டில் யாரிடமாவது கதை சொன்னால், "முடிச்சதும் குடுங்க, படிக்கிறோம்" என்கிறார்கள். அதனால்தான் போனிடம் கேட்டேன். அக்காவின் கேள்விக்குப் பக்கத்தில் அதன் கேள்வி நிற்காது, அது வேறு விஷயம்.

அப்புறம், "ஜப்பானில் எந்திரத்தை எழுதவைத்தே பரிசு வாங்கிவிட்டார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். 2024 ஜனவரியில் அகுதாகவா என்ற இலக்கியப் பரிசு பெற்ற ரியே குடானைத்தான் சொல்கிறீர்கள். அவர் நாவலில் ஏஐ ஒரு பாத்திரம் மாதிரி வந்து பதில் சொல்கிறது. அந்தப் பதில்களுக்குத்தான் சாட்ஜிபிடி சொன்னதைப் பயன்படுத்தினார். சுமார் 5 சதவீதம் என்று அவரே நிருபர்களிடம் சொன்னார். தேர்வுக் குழு பரிசைத் திரும்பப் பிடுங்கவில்லை. சொன்னதற்காக அவரைச் சோம்பேறி என்று அந்தக் குழு எழுதியதாகவும் நான் படிக்கவில்லை.

உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. கிளார்க்ஸ்வோர்ல்ட் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ், ஏஐ கதைகள் வந்து குவிந்ததால் 2023 பிப்ரவரியில் கதை வாங்குவதையே நிறுத்திவைத்தது. ஆனால் அங்கே குவித்தவர்கள் கதை பாதியில் நின்று தவித்தவர்கள் இல்லை. வீட்டிலிருந்தே காசு பார்க்கலாம் என்று வீடியோ பார்த்துவிட்டு வந்தவர்கள் என்று அதன் ஆசிரியரே சொன்னார். இரண்டு கூட்டத்தையும் ஒரே வாக்கியத்தில் கட்டிப்போடுவது உங்கள் அனுபவத்துக்கு அழகில்லை. அதே வருடம் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தம் போட்டார்கள். எழுத்தாளர் விரும்பி, நிறுவனமும் சம்மதித்தால் ஏஐயைப் பயன்படுத்தலாம், பயன்படுத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது. தெருவில் நின்று போராடியவர்களே அதைத் தொடுவதைத் தடைசெய்யவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த வருடப் படிவத்தில் அந்த "ஆம் / இல்லை" கட்டத்துக்குக் கீழே, "எதற்குப் பயன்படுத்தினீர்கள்?" என்று கேட்டு இரண்டு வரி இடம் விடுங்கள். கதையில் ஏஐ எழுதிய வரி இருந்தால் தாராளமாகத் தள்ளுங்கள், நான் ஆட்சேபிக்க மாட்டேன். என் கதையை இப்போது போட்டிக்கு வெளியே, சாதாரணமாக வந்த கதையாக எடுத்துப் படியுங்கள். படித்துவிட்டு நன்றாக இல்லை என்று எழுதினால் அது நமக்குள் பழைய வழக்கம்தான், வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகி,
கோவில்பட்டி.
(பெயர் உங்களுக்குத் தெரியும். அச்சில் போட வேண்டாம்.)

பி.கு.: இந்த மாதத்தோடு சந்தா முடிகிறது. நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். தொடர்கதையில் அந்த டாக்டரைப் போலீஸ் தேடிக்கொண்டிருக்கிறதே, அதற்காக ஒரு வருடத்துக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். ரசீது அனுப்பவும்.