புர்கான் மண்ணிலிருந்து அப்பாவுக்கு

அகமதி, குவைத்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமா? "எண்ணெய்க் கிணத்துல உனக்கு என்னடா வேலை?" என்று போனில் கேட்டீர்கள், அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. விவரமாகவே எழுதுகிறேன்.

எண்ணெய் எடுக்கிற வேலை இல்லை அப்பா. எண்ணெய் ஊறிக் கெட்டுப்போன மண்ணைச் சரிபண்ணுகிற வேலை. 1990-ல் குவைத்தைப் பிடித்த ஈராக் படை 1991-ல் பின்வாங்கியபோது 600-க்கும் மேற்பட்ட கிணறுகளைக் கொளுத்திவிட்டுப் போனது. கடைசித் தீயை அணைக்க நவம்பர் ஆகிவிட்டது. எரிந்தது போக, உடைந்த கிணறுகளிலிருந்து கொட்டியது பாலைவனத்தில் ஏரி ஏரியாகத் தேங்கியது. இன்றைக்கும் மேலே பார்த்தால் வெறும் மணல்தான். ஒரு முழம் தோண்டினால் கன்னங்கரேலென்று வருகிறது, தார் வாடை மூக்கில் ஏறுகிறது.

புதைந்த குண்டு ஏதும் இல்லை என்று சோதித்துச் சொன்ன பிறகுதான் எங்கள் எக்ஸ்கவேட்டர் இறங்கும். அள்ளிய மண்ணை நீள நீளமாகக் குவித்து, தண்ணீர் விட்டு, உரம் கலந்து, அடிக்கடி புரட்டிப் போடுவோம். ஈரமும் காற்றும் தழைச்சத்தும் கிடைத்தால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே எண்ணெயைத் தின்றுவிடும். மாதக்கணக்கில் ஆகும். எல்லா மண்ணும் தேறாது. ரொம்பக் கெட்டதைக் குழியில் போட்டு மூடிவிடுகிறார்கள். உரத்தின் அளவை இன்ஜினியர் எழுதித் தரும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வரும். இதற்கான செலவு ஈராக் கட்டிய நஷ்டஈட்டுப் பணம். அதைக் கட்டி முடிக்க அவர்களுக்கு 2022 ஆனது. அதுவும் எண்ணெய் விற்ற காசுதான்.

இந்த நாடே புர்கான் என்கிற இந்த ஒரு வயலை நம்பித்தான் இருக்கிறது. சவூதியின் கவாருக்கு அடுத்து உலகத்திலேயே பெரியது இதுதான். குவைத் எடுக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் இங்கிருந்து வருகிறது. அரசாங்க வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு எண்ணெய்தான். அதற்கு முன்னால் முத்துக் குளித்தும், மலையாளக் கரையிலிருந்து தேக்கு கொண்டுவந்து மரக்கலம் கட்டியும் பிழைத்த ஊர் இது. ஜப்பான்காரர்கள் முத்தை வளர்த்து விற்க ஆரம்பித்ததும் அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது. 1938-ல் புர்கானில் எண்ணெய் கண்டார்கள், நடுவில் உலகப்போர் வந்து, முதல் கப்பல் 1946-ல்தான் கிளம்பியது. அகமதி மேடு உயரமானது. அங்கிருந்து எண்ணெய் தானாகவே இறங்கிக் கடற்கரையில் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது. 1961 வரைக்கும் இங்கே புழங்கியது நம் ரூபாய் என்றால் நம்புவீர்களா!

எனக்கு ரொம்பப் பிடித்தது இவர்களுடைய சேமிப்பு. 1953-லேயே எண்ணெய்க் காசை வெளியே முதலீடு செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1976-ல் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை வரப்போகும் தலைமுறைக்கு எடுத்துவைக்கச் சட்டமே போட்டார்கள். 1990-ல் நாடு பறிபோனபோது, வெளியே இருந்த அந்த முதலீடுதான் இவர்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் கெட்ட மண்ணை அத்தனை காசு இருந்தும் சீக்கிரம் திருப்பிவிட முடியவில்லையே அப்பா. அதைத்தான் தினமும் பார்க்கிறேன்.

2017-ல் நம் டெல்டாவில் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து ஊரே திரண்டபோது, இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று சிலர் பேசினார்கள். அவர்களை இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும். 2020-ல் டெல்டாவை வேளாண் மண்டலமாக அறிவித்தது சரியான காரியம். நரிமணம் பக்கம் ஏற்கெனவே ஓடும் எண்ணெய்க் கிணறுகளையும் குழாய்களையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெயில் கடுமைதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை வெளிவேலை கூடாது என்று விதி இருப்பதால் விடியுமுன்பே சைட்டுக்குப் போய்விடுகிறோம். சாப்பாடு பரவாயில்லை, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பணம் அனுப்பியிருக்கிறேன். அதில் வாய்க்கால் மடையைச் சரிபண்ணிவிடுங்கள். சம்பா விதைப்புக்கு முன்னால் நம் வயல் மண்ணையும் ஒரு பிடி சோதனைக்குக் கொடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் தம்பியைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள், நானும் பார்க்கிறேன்.

தங்கள் அன்பு மகன்