நீல் ஃபிராங்க்ளின் ஓடிப்போனவர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

1950 கால்பந்து உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் இங்கிலாந்து 0-1 என்று தோற்ற கதையை சென்ற இதழில் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அதில் இங்கிலாந்தின் தடுப்பாட்டக்காரர் நீல் ஃபிராங்க்ளினை 'பணத்துக்காக அணியை விட்டு ஓடியவர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது மனதை உறுத்தியது. பத்து வருடம் ஸ்டாப்பர் பேக்காக, அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரனாக, ஆடியவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஃபிராங்க்ளின் இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் பிறந்து, உள்ளூர் அணியான ஸ்டோக் சிட்டிக்கே ஆடியவர். போர் முடிந்து 1946-இல் சர்வதேசப் போட்டிகள் மறுபடி தொடங்கியதிலிருந்து 1950 ஏப்ரல் வரை இங்கிலாந்துக்குத் தொடர்ச்சியாக 27 ஆட்டங்கள். ஒன்றுகூட விடவில்லை. 1948-இல் டூரினில் இத்தாலியை 4-0 என்று வென்ற அணியின் சென்டர் ஹாஃப், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரர், அவர்தான். அந்தக் காலத்து சென்டர் ஹாஃப் என்றால் வந்த பந்தை ஓங்கி உதைத்து ஆபத்தைத் தள்ளிவிடுபவர். முதுகில் ஒரு ஃபார்வர்ட் தோளால் இடித்துக்கொண்டு நிற்கும்போது பந்தைக் காலடியில் அடக்குவது எவ்வளவு பயமான காரியம் என்று எனக்குத் தெரியும். நானெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடித்துவிடுவேன். ஃபிராங்க்ளின் அதை அடக்கி, தலை நிமிர்ந்து பார்த்து, சக வீரரின் காலுக்கே கொடுப்பார். இன்று எல்லா டிஃபென்டர்களிடமும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

சரி, இப்படிப்பட்டவருக்கு என்ன சம்பளம்? அன்று லீக் விதித்த உச்சவரம்பு வாரத்துக்கு 12 பவுண்ட். மைதானம் நிரம்பி வழிந்தாலும் அதற்குமேல் ஒரு காசு கிடையாது. சம்பளத்தைவிடக் கொடுமை இன்னொன்று. ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப் விரும்பினால் வீரரின் பதிவைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம்; அவர் வேறு அணிக்கு ஆட முடியாது. ஸ்டோக் நிர்வாகத்தோடு ஃபிராங்க்ளினுக்கு மனக்கசப்பு இருந்தது. வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டார். விடவில்லை.

அப்போதுதான் கொலம்பியாவிலிருந்து அழைப்பு. அங்கே லீக் தனியாகப் பிரிந்து, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்கு வெளியே நின்றது. அதனால் பழைய கிளப்புக்குப் பணம் எதுவும் தராமலே வீரர்களை எடுக்க முடிந்தது. நட்சத்திர வீரர் டி ஸ்டெஃபானோவே 1949-இல் அர்ஜென்டினாவிலிருந்து அங்கே போய்விட்டார். 1950 கோடையில், அந்த உலகக் கோப்பைக்குச் சற்று முன், ஃபிராங்க்ளினும் ஸ்டோக்கின் விங்கர் ஜார்ஜ் மவுன்ட்ஃபோர்டும் கொலம்பியத் தலைநகர் போகோட்டா போய், சான்டா ஃபே அணியில் சேர்ந்தார்கள். 12 பவுண்டைவிடப் பல மடங்கு தருவதாகப் பேச்சு. ஆனால் ஊர் அரசியல் கலவரத்தில் இருந்தது, இரவில் ஊரடங்கு. கூட வந்திருந்த ஃபிராங்க்ளினின் மனைவியோ கர்ப்பிணி. சில ஆட்டங்கள் ஆடிவிட்டுச் சில வாரங்களிலேயே திரும்பிவிட்டார்.

ஊர் திரும்பியவருக்குக் கிடைத்தது தடை. அது தீர்ந்து 1951-இல் ஹல் சிட்டி 22,500 பவுண்டுக்கு அவரை வாங்கியது. யோசித்துப் பாருங்கள்: விற்கும்போது ஒரு டிஃபென்டருக்கு அன்று மலைக்க வைக்கும் விலை, வாரச் சம்பளத்துக்கு மட்டும் உச்சவரம்பு. முழங்கால் காயங்களோடு இரண்டாம் டிவிஷனில் ஆடினார். அப்புறம் சிறிய அணிகள். இங்கிலாந்துக்கு அவரை மறுபடி கூப்பிடவே இல்லை. 27 ஆட்டங்களோடு 28 வயதில் முடித்துவிட்டார்கள்.

அவர் இடத்தில் அடுத்த சில ஆண்டுகள் ஒருவர் மாற்றி ஒருவரை நிறுத்திப் பார்த்தார்கள். 1953 நவம்பரில் வெம்ப்ளியில் ஹங்கேரி 6-3 என்று வென்ற நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சென்டர் ஃபார்வர்ட் (முன்னால் நடுவில் நின்று கோல் போட வேண்டியவர்) என்று சட்டை போட்ட ஹங்கேரியின் ஹிடெகுட்டி பின்னால் இறங்கி இறங்கி ஆடினார். அவரைத் துரத்திப் போனால் நடுவில் ஓட்டை, போகாவிட்டால் அவருக்குப் பந்தும் இடமும். இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப் ஹாரி ஜான்ஸ்டன் பாவம், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். ஹிடெகுட்டி மூன்று கோல் போட்டார். ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்த ஃபிராங்க்ளினுக்கு அப்போது 31 வயதுதான். அவர் இருந்திருந்தால் இங்கிலாந்து ஜெயித்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. அவரை வெளியே வைத்ததில் யாருக்கு நஷ்டம் என்றுதான் கேட்கிறேன். 1954 உலகக் கோப்பையில் இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் அந்த இடத்துக்கு நகர்ந்த பிறகுதான் தேடல் நின்றது.

சம்பள உச்சவரம்பு 1961-இல் ஒழிந்தது. அதே ஆண்டு ஃபுல்ஹாம் அணியின் ஜானி ஹேன்ஸ் வாரம் 100 பவுண்ட் வாங்கினார். வீரரைக் கட்டிவைக்கும் பதிவு முறையை 1963-இல் நீதிமன்றமே நியாயமற்றது என்றது. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் தொடுத்த வழக்கு அது. 1950-இல் ஃபிராங்க்ளின் சகிக்க முடியாமல் கிளம்பியது இதே இரண்டிலிருந்தும்தான். 1996-இல் அவர் இறந்தபோதும் போகோட்டா கதையையே முதலில் சொன்னார்கள்.

உங்கள் தொடரில் அடுத்து 1954 உலகக் கோப்பை வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். பில்லி ரைட்டைப் பற்றி எழுதும் இடத்தில், அவருக்கு முன் அங்கே நின்றவரின் பெயரையும் அந்த 27 ஆட்டங்களையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன். 'ஓடியவர்' என்ற சொல்லுக்கு ஒரு சிறு திருத்தமும் போட்டால் மகிழ்வேன்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர், திருச்சி