அடைக்கோழியை எழுப்பாதே

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். பேத்தி முதலாம் ஆண்டு போகிறாள், நம்மைப் போலவே தமிழ்ப்பள்ளிதான். மழை விட்டபாடில்லை. சாயங்காலமானால் இடி.

அடுக்குமாடி வீட்டை விட்டுக் கோல சிலாங்கூர் பக்கம் நிலத்தோடு வீடு பார்த்துப் போனதே சந்தோஷம். அதிலும் நீ கோழி வளர்க்கிறாய் என்று படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோழி கூட்டை விட்டு எழ மாட்டேன் என்கிறது, கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது, மகனோ மெஷின் வாங்கிப் பொரிக்கலாம் என்கிறான் என்று கேட்டிருந்தாய். கோழி அடைகாக்க உட்கார்ந்துவிட்டது என்றால் மெஷின் எதற்கு? மெஷினில் சூடு 37.5 டிகிரியில் நிற்க வேண்டும், முட்டையைத் திருப்ப வேண்டும், ஈரப்பதம் பார்க்க வேண்டும். நம் ஊர் இடிமழைக்குக் கரண்ட் போனால் அத்தனையும் வீண். கோழியைப் பார். நெஞ்சடி இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். அந்தச் சூட்டை நேராக முட்டைக்குக் கொடுக்கிறது. ஓரத்து முட்டையை அலகால் இழுத்து நடுவுக்குக் கொண்டுவரும், நாளுக்குப் பல தடவை திருப்பிப் போடும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

முதலில் இரண்டு நாள் பொரிக்க வேண்டாத முட்டை ஒன்றிரண்டை வைத்துப் பார். விடாமல் உட்கார்ந்தால் இருட்டிய பிறகு அமைதியான மூலைக்கு மாற்றி, நல்ல முட்டைகளை ஒரே நாளில் மொத்தமாக வை. ஒரு வாரத்துக்கு மேற்பட்டது வேண்டாம், ஐஸ் பெட்டியில் இருந்தது வேண்டாம், கழுவவும் கூடாது. அதன் உடம்புக்கு அடங்குகிற அளவுதான், பத்துப் பன்னிரண்டு போதும். அம்மா ஒற்றைப்படையில்தான் வைப்பார். இடி இடித்தால் முட்டை பொரியாத கூமுட்டையாகிவிடும் என்று கூடையில் ஓர் ஆணியும் கரித்துண்டும் போடுவார். இடிக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் நானும் போடுகிறேன். மிரண்டு எழுந்த கோழி நெடுநேரம் திரும்பாமல் முட்டை ஆறிப்போவதுதான் உண்மையான ஆபத்து. அதனால் ஒழுகாத இடமாகப் பார். கூடையில் மணலுக்கு மேல் வைக்கோல், அதோடு வேப்பிலை. செள்ளுப் பூச்சி பிடித்தால் எப்பேர்ப்பட்ட கோழியும் எழுந்து ஓடிவிடும்.

நாளுக்கு ஒரு தடவை இறங்கும். தின்று, தண்ணீர் குடித்து, சாம்பலில் புரண்டுவிட்டுத் தானே திரும்பும். தூக்கி உட்கார வைக்காதே. இளைத்துத்தான் போகும், பயப்படாதே. கொஞ்சம் நெல்லோ சோளமோ பக்கத்தில் வை.

ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி டார்ச்சில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார். உயிர் இருந்தால் நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் சிவப்பு நரம்பு. பொறுமையாகப் பார்த்தால் அந்தப் புள்ளி அசைவதும் தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒன்றுமில்லாமல் தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடு. விட்டால் அழுகி வெடித்து மற்றதையும் கெடுக்கும்.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கை வைக்காதே. பொரிக்கப் போகும்போது காதை வைத்துக் கேட்டால் ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சு கத்தும். அதற்குத் தாய் அடித்தொண்டையில் பதில் சொல்லும். இருபத்தொன்றாம் நாள் ஓடு விரிசல் விடும். குஞ்சின் மூக்கு நுனியில் உப்புக்கல் மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும் பார், அதை வைத்துத்தான் ஓட்டைக் குத்துகிறது. சில நாளில் அது விழுந்துவிடும். விரிசல் விட்ட பிறகும் ஒரு நாள் வரை ஆகலாம். பாவம் என்று நீ உரித்துவிடாதே! உள்தோலில் ரத்தம் இன்னும் வற்றியிருக்காது, குஞ்சு செத்துவிடும். தீனிக்கும் அவசரமில்லை. மஞ்சள் கரு வயிற்றுக்குள் போயிருக்கும், இரண்டு நாள் தாங்கும்.

அப்புறம் பஞ்சாரக் கூடைக்குள் தாயோடு வை. ஆழமில்லாத தட்டில் தண்ணீர், அதில் கூழாங்கல், இல்லாவிட்டால் குஞ்சு முங்கிவிடும். நொய்யரிசியோடு குஞ்சுத் தீவனமும் போடு. பகலில் பருந்து, உடும்பு. ராத்திரியில் மரநாய், மலைப்பாம்பு. செம்பனைப் பக்கம் வீடென்றால் இத்தனையும் வரும், கம்பி வலை நெருக்கமாக அடி. வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்தைக் கால்நடை இலாகாவில் கேட்டு முதல் வாரத்திலேயே போட்டுவிடு.

கடைசியாக ஒன்று, இது கட்டாயம். நன்றாகக் குஞ்சு வளர்த்த கோழியைக் கறிக்கு அடிக்க விடாதே, அண்ணன் எவ்வளவு கேட்டாலும். அடை உட்கார்ந்த கோழி முட்டையிடாது, அதனால் முட்டைப் பண்ணைக்காரர்கள் உட்காராத கோழியாகவே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார்கள். வெள்ளை லெகார்ன் இனக் கோழி உட்காருவதே அபூர்வம். அந்தக் குணம் ஒரு தடவை போனால் குஞ்சுக்கு ஆயுசுக்கும் மெஷினைத்தான் நம்ப வேண்டும். 2022 ஜூனில் கோழித் தட்டுப்பாடு வந்து அரசாங்கம் ஏற்றுமதியையே நிறுத்தியதே, நினைவிருக்கிறதா? வெளிநாட்டுச் சோளமும் சோயாவும் விலை ஏறியதால் பண்ணைகள் திண்டாடின. அப்போதும் என் கொல்லையில் கறையானையும் தேங்காய்ப் பூவையும் தின்றே குஞ்சுகள் வளர்ந்தன.

இப்போது இருப்பவை அம்மா தோட்டத்து லய வீட்டில் வளர்த்த கோழிகளின் வித்து. லயம் இடிபட்டு நாங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்தபோது சட்டி பானையோடு கூடையில் வந்தவை. பால்மரக் காட்டிலிருந்து வரும் காட்டுச்சேவலோடு சேர்ந்த ரத்தம், அதனால்தான் இவ்வளவு துடி. தோட்டத்தில் நமக்கென்று மிச்சம் என்ன இருக்கிறது சொல். இது இருக்கிறது. விடமாட்டேன். உன் கொல்லையிலும் இருக்கட்டும் என்று ஆசை.

தீபாவளிக்கு மகள் வீட்டுக்குக் கிள்ளான் வருகிறேன், முட்டை கொண்டுவருகிறேன். அதற்குள் உன் கோழி பொரித்து இறங்கியிருக்கும், அடுத்த அடைக்கு ஆகும். பஸ்ஸில் குலுங்கி வருவதை உடனே வைத்துவிடாதே. கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டுப் பிறகு வை. ஒரு பெட்டி மரத்தூள் மட்டும் தயாராக வைத்திரு.

இப்படிக்கு,
உன் லயத்துத் தோழி