மீனாவுக்கு, நீலத் திரை பற்றி

தூத்துக்குடி
22 ஜனவரி 2026

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படமும் பார்த்தேன். முழங்கால் வலியைப் பற்றி நாலு வரி, கம்ப்யூட்டரைப் பற்றி இரண்டு பக்கம். எது அதிகமாக வலிக்கிறது என்று புரிந்துவிட்டது.

இங்கே எல்லாரும் சுகம். இவருக்கு ரிடையர் ஆனதிலிருந்து மாடித்தோட்டப் பைத்தியம். கத்தரிக்காய் காய்க்கிறதோ இல்லையோ, வருகிறவர்களை எல்லாம் மாடிக்கு ஏற்றிவிடுகிறார். பெரியவள் பிரசவத்துக்கு மார்ச்சில் வருகிறாள். பொங்கலுக்கு வாங்கிய பனங்கிழங்கில் உனக்கென்று ஒரு கட்டு எடுத்து வைத்து, போன வாரம் பார்சல் போட்டேன். ஈரோடு வந்து சேர்ந்ததா என்று நீ எழுதவே இல்லை. சரி, அதை அப்புறம் பார்த்துக்கொள்வோம். முதலில், உன் கம்ப்யூட்டர் நடுவில் திடீரென்று நின்றுபோய்க் காட்டும் அந்த நீலத் திரை.

மகன் சொன்னான் என்று ஃபார்மட் செய்துவிடாதே. கடைக்காரர் சொன்னார் என்று மதர்போர்டு மாற்றவும் தலையாட்டிவிடாதே. இரண்டு பேருமே அந்தத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பேசுகிறார்கள்.

நீலத் திரையை விண்டோஸ் வேண்டுமென்றேதான் போடுகிறது. வேர்டோ குரோமோ தவறு செய்தால் அந்த ஒன்றை மட்டும் மூடிவிட்டு மீதியை நடத்த அதற்குத் தெரியும். தவறு அதன் மையப் பகுதியிலேயே, அதாவது கெர்னலிலேயே நடந்துவிட்டால், அப்புறம் மெமரியில் இருக்கும் எதையும் நம்ப முடியாது. நம்பித் தொடர்ந்து ஓடினால் கெட்டுப்போன விவரத்தை டிஸ்கில் எழுதி, உன் பேத்தியின் படங்களையும் சேர்த்துக் கெடுக்கும். அதனால் எல்லாவற்றையும் அங்கேயே நிறுத்திவிட்டு, எதற்காக நிறுத்தினேன் என்று ஒரு வரியும் எழுதி வைக்கிறது. ‘ஸ்டாப் கோடு’ என்று கீழே பொடி எழுத்தில் இருக்கிறதே, அதுதான். சோகமான முகத்தையும் கட்டம் கட்டமான கியூஆர் கோடையும் பெரிதாகப் போட்டுவிட்டு, முக்கியமானதை ஓரத்தில் போட்டால் யார் படிப்பார்கள்? அந்த கியூஆர் கோடு மைக்ரோசாஃப்டின் பொதுவான உதவிப் பக்கத்துக்குத்தான் போகும். அதில் உன் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் இருக்காது.

நீ கணக்கு டீச்சர் என்பது இந்த விஷயத்தில் நன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு, என்ன செய்துகொண்டிருந்தாய் என்றும் எழுதி வைத்திருக்கிறாய். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. உனக்கு நீலத் திரை வந்த எல்லா தடவையும் ஒரே கோடு: ‘டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்’. அதன் கீழே ‘வாட் ஃபெயில்டு’ என்று போட்டு, ‘.சிஸ்’ என்று முடியும் ஒரே ஃபைல் பெயர். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மகளோடு வீடியோ காலில் இருந்தபோது.

என் கதை இதற்கு நேர் எதிர். போன வருடம் என் கம்ப்யூட்டரும் இப்படித்தான் படுத்தியது. ஆனால் ஒரு நாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வரும். இன்னொரு நாள் ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’. அதற்கடுத்து ‘கெர்னல் செக்யூரிட்டி செக் ஃபெயிலியர்’. கோடும் மாறும், பழி விழுகிற ஃபைலும் மாறும். நடுநடுவே குரோமில் டேப் தானாகச் செத்துவிழும். ஜிப் ஃபைலைப் பிரித்தால் உள்ளே கெட்டிருக்கிறது என்னும், அதையே மறுபடி பிரித்தால் ஒழுங்காகத் திறக்கும். இப்படி ஆளாளுக்கு ஒரு காரணம் வந்தால், சாஃப்ட்வேரை விட்டுவிட்டு முதலில் ரேமை, அதாவது ஓடுகிற வேலைகளின் விவரத்தைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரியைச் சந்தேகப்பட வேண்டும். ரேமில் ஒரு மூலை தப்பாக இருந்தால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் தலையில் பழி விழும்.

விண்டோஸிலேயே ‘மெமரி டயக்னாஸ்டிக்’ என்று ஒன்று இருக்கிறது. ஓட்டினேன், எல்லாம் சரி என்றது. அதை வைத்து முடிவு செய்ய எனக்கு மனமில்லை. ‘மெம்டெஸ்ட்86’ என்ற இலவச சாஃப்ட்வேரைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்து, ராத்திரி ஓடவிட்டுப் படுத்தேன். விண்டோஸ் குறுக்கே இல்லாமல் ரேமின் ஒவ்வொரு இடத்திலும் எழுதி எழுதித் திரும்பப் படிக்கும். அதனால் மணிக்கணக்கில் ஆகும். காலையில் காபியோடு வந்து பார்த்தால் திரையில் வரிசையாகச் சிவப்பு. எழுதியது ஒன்று, திரும்ப வந்தது ஒன்று.

ரேமில் இரண்டு குச்சி. ஒன்று பழையது, இன்னொன்று தீபாவளி ஆஃபரில் கடையில் கூடுதலாகப் போட்டுவிட்டது. பழையதை மட்டும் வைத்து ஓட்டினால் ஒரு தப்பும் இல்லை. புதியதை மட்டும் வைத்தாலும் இல்லை. சேர்த்து மாட்டினால் சிவப்பு. தனித்தனி வீட்டில் இருந்தால் தங்கமான ஓரகத்திகள், ஒரே அடுக்களையில் விட்டால் போச்சு. காரணம் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை சாஃப்ட்வேரில் இருந்தது. ‘எக்ஸ்எம்பி’ என்று ஒரு அமைப்பு உண்டு. ரேமின் அட்டையில் போட்ட முழு வேகத்தில் அதை ஓட்டச் சொல்வது. பழைய குச்சி 3200-இல் ஓடும். வேறு கம்பெனியின் புதுக் குச்சிக்கும் அதே வேகம்தான் போட்டிருந்தது. ஆனாலும் இரண்டும் சேர்ந்து அந்த வேகத்தைத் தாங்கவில்லை. எக்ஸ்எம்பியை ஆஃப் செய்தேன். வேகம் 2666-க்கு இறங்கியது, சிவப்பு போய்விட்டது. நான் வங்கிக் கணக்கும் பேரன் ஹோம்வொர்க்கும் பார்க்கிற வேலைக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு பைசா செலவில்லை.

இப்போது யோசித்துப் பார். அந்த நிலையில் நான் ஃபார்மட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? புது விண்டோஸும் அதே ரேம் வழியாகத்தானே டிஸ்கில் போய் உட்கார வேண்டும். போகும்போதே கெட்டிருக்கும். ‘ஃபார்மட் பண்ணியும் ப்ளூ ஸ்க்ரீன் வருது’ என்று எத்தனையோ பேர் புலம்புவதில் பாதி இந்த வகையாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

உனக்கு ரேம் பிரச்சினை இல்லை என்று நான் சொல்வது, கோடும் ஃபைலும் மாறாமல் இருப்பதால். அந்த ‘.சிஸ்’ ஃபைல் ஒரு டிரைவர். பிரிண்டர், வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு என்று எந்தச் சாமானோடும் விண்டோஸ் பேசுவதற்கு நடுவில் இருக்கும் சாஃப்ட்வேர். இதில் பெரும்பாலானவை கெர்னலுக்குள்ளேயே போய் வேலை செய்கின்றன. அதனால் அது இடறினால் விண்டோஸே விழும். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? உன் மருமகன் கையால் எழுதிய போர்டிங் பாஸோடு வந்தாரே. அன்று உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலமானது, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவருக்கு வந்த ஒரு தப்பான அப்டேட்டால். கெர்னலுக்குள் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு சாஃப்ட்வேர், அவ்வளவுதான்.

இதைவிட உனக்குப் பிடிக்கிற கதை ஒன்று இருக்கிறது. 1998 ஏப்ரலில் பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98-இன் பெருமையைக் காட்ட உதவியாளர் ஒரு ஸ்கேனரை யூஎஸ்பியில் செருகினார். செருகியதும் நீலத் திரை. இதனால்தான் இன்னும் விற்பனைக்கு விடவில்லை போலிருக்கிறது என்று கேட்ஸ் சமாளித்தார், அரங்கமே சிரித்தது. யூஎஸ்பியில் ஏதாவது செருகினால் சந்தேகப்படு என்பது அவ்வளவு பழைய விஷயம்.

ஏன் சொல்கிறேன் என்றால், உன் பட்டியலில் முதல் தேதி நவம்பரில் இருக்கிறது. உன் மகன் யூஎஸ்பியில் செருகுகிற வைஃபை டாங்கிள் அனுப்பியதும் நவம்பரில் என்று போன கடிதத்தில் நீயே எழுதியிருந்தாய். வீடியோ காலில் அந்த டாங்கிளுக்குத்தான் ஓயாத வேலை. ‘.சிஸ்’ பெயரைத் தேடிப் பார்த்தேன், வைஃபை டிரைவர்தான்.

இதை ஊகமாக விடாமல் சோதித்துவிடு. டாங்கிளைக் கழற்றி மேசை இழுப்பறையில் போடு. போனை யூஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து, போன் செட்டிங்ஸில் ‘யூஎஸ்பி டெதரிங்’ ஆன் செய். நெட் வந்துவிடும். ஒரு வாரம் மகளோடு வழக்கம்போலப் பேசு, நடுவில் வேறெதையும் மாற்றாதே. ஒரே நாளில் டிரைவரும் மாற்றி, ரேமும் கழற்றி, விண்டோஸும் அப்டேட் செய்தால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

நீலம் வரவில்லை என்றால் குற்றவாளி பிடிபட்டாயிற்று. டாங்கிளைத் திரும்பச் செருகி, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ திற. ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ கீழே டாங்கிள் பெயர் இருக்கும். அதை அன்இன்ஸ்டால் செய்யும்போது, டிரைவர் சாஃப்ட்வேரையும் நீக்கட்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். அதை டிக் செய்ய மறக்காதே, இல்லாவிட்டால் அதே பழைய டிரைவர் திரும்ப வந்து உட்காரும். பிறகு டாங்கிள் செய்த கம்பெனியின் தளத்தில் புது டிரைவர் இருந்தால் போடு. கூட வந்த குட்டி சிடியை நான் என்றைக்கும் நம்புவதில்லை. அப்படியும் வந்தால் வேறு டாங்கிள் வாங்கு, மதர்போர்டு விலையில் அது எந்த மூலைக்கு? என்னைக் கேட்டால், ரவுட்டர் பக்கத்து அறையில்தானே இருக்கிறது, ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஒரு வாரத்திலும் நீலம் வந்தால், ஸ்டார்ட்டில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டு. நாள் வாரியாக ஒரு வரைபடம் வரும். விழுந்த நாளில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். அதே வரைபடத்தில் என்றைக்கு எந்த அப்டேட், எந்த சாஃப்ட்வேர் ஏறியது என்றும் தெரியும். முதல் சிவப்புக்கு முந்தின நாள் என்ன ஏறியது என்று பார். இவ்வளவு உபயோகமான ஒன்றை ஏன் இப்படி மூலையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. அப்புறம் விண்டோஸ் ஒவ்வொரு தடவை விழும்போதும் ‘மினிடம்ப்’ என்ற ஃபோல்டரில் ஒரு சின்ன ஃபைல் போட்டு வைக்கும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும். அவற்றை எனக்கு மெயிலில் அனுப்பு, நான் பிரித்துப் பார்க்கிறேன்.

நீ ‘ஒன்றைத் தவிர’ என்று எழுதியிருந்த அந்த ஒரு தடவையை இதில் சேர்க்காதே. கோடு எதுவும் வராமல் படக்கென்று அணைந்தது என்கிறாய். அப்படியென்றால் விண்டோஸுக்கு எழுதி வைக்கவே நேரமில்லை. கரண்ட், யூபிஎஸ் பாட்டரி, கேபினெட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ், இல்லாவிட்டால் சூடு. அன்று உங்கள் தெருவில் கரண்ட் போய் வந்ததா என்று யோசி. யூபிஎஸ் வாங்கி எத்தனை வருடம் ஆகிறது? பாட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடு.

கடையிலிருந்து வரும் பையன் ரேமைக் கழற்றி, தங்க நிறப் பல்லை அழிரப்பரால் தேய்த்துப் போட்டால் திட்டாதே. எங்கள் ஊர் உப்புக்காற்றில் அது உண்மையாகவே வேலை செய்கிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுச் செய்கிறானா என்று மட்டும் பார்.

இன்னொன்று. ‘இந்த நம்பருக்கு உடனே போன் செய்யுங்கள்’ என்று நீலத் திரை வந்தால் அது திருட்டு. நிஜமானதில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. அது பிரவுசர்தான் முழுத் திரையில் நடிப்பது. ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்த்து அழுத்து, போய்விடும். போகாவிட்டால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடு. எங்கள் பழைய மேனேஜர் ஒருவரே இப்படி ஒரு நம்பரைக் கூப்பிட்டு, நல்ல வேளையாக ஓடிபி கேட்டதும் சுதாரித்துக்கொண்டார்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது, அதனால் புதுசே வாங்கு என்று மகன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அவசரமில்லை. அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். விண்டோஸ் 11-க்குப் போனால் இந்த நீலமும் இருக்காது. 2025-இல் அதைக் கறுப்பாக மாற்றிவிட்டார்கள், சோக முகத்தையும் எடுத்துவிட்டார்கள். கோடும் ஃபைல் பெயரும் மட்டும் பளிச்சென்று தெரிகிறது. நிறம் எப்படியோ போகட்டும், அந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது.

படங்களை எல்லாம் இன்றைக்கே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் எடுத்து வைத்துவிடு. டாங்கிள் சோதனையை அதற்கப்புறம் ஆரம்பி.

முழங்காலுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் முழுசாக எழுது. மாடிப்படி ஏறாதே என்று சொன்னால் ஏறாதே. மே மாதம் பெரியவள் குழந்தையோடு இங்கே இருப்பாள். நீயும் அண்ணனும் வந்தால் ஒரு நாள் திருச்செந்தூர் போய்விட்டு வரலாம். ரயிலில் கீழ் பெர்த்தாகப் பார்த்துப் போடச் சொல்.

அன்புடன்,
லலிதா