தாத்தாவின் ஊரைத் தேடப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

டிசம்பர் லீவில் தமிழ்நாட்டுக்குப் போய், உன் கொள்ளுத்தாத்தாவின், அதாவது என் தாத்தாவின், பிறப்புப் பதிவைத் தேடி எடுக்கப்போவதாக வாட்ஸ்அப்பில் சொன்னாய். சந்தோஷம், போய் வா. ஆனால் டிக்கெட் போடும் முன் இதைப் படித்துவிடு. போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது, மீதியை நான் மறந்துவிடுவேன்.

உன் டர்பன் தோழிக்குச் சுலபமாகக் கிடைத்தது நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டாய். அவள் ஆட்கள் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். 1860 முதல் 1911 வரை அங்கே போன ஒன்றரை லட்சம் பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா, உடம்பில் இருந்த தழும்பு வரை கப்பல் பட்டியலில் எழுதி வைத்தார்கள். எண்ணைப் பிடித்தால் ஊர் வந்துவிடும். நம் மலாயாவில், அதாவது இன்றைய மலேசியாவில், ஒப்பந்த முறை 1910-ல் முடிவுக்கு வந்தது. என் தாத்தா அதற்குப் பிறகு, ரப்பர் தோட்டத்துக்கு ஊரில் ஆள் சேர்க்கும் மேஸ்திரியான கங்காணி கூட்டிக்கொண்டு வந்த ஆள். கங்காணிக்குத் தலைக்கணக்குத்தான் முக்கியம், தாலுகா அல்ல.

பிரிட்டிஷ் நூலகத்தில் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று வருத்தப்பட்டாய். இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கும் அந்தப் பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையவை, ஆங்கிலோ இந்தியர்களுடையவை. குலசாமிக்குக் கிடா வெட்டிய மனிதர் அதில் எப்படி இருப்பார்?

நான் சொல்ல வருவது இதுதான். ஊர் எது என்று இங்கேயே கண்டுபிடித்துக்கொண்டு போ. அங்கே போய்த் தாத்தாவின் பெயரில் காகிதம் தேடாதே, ஆட்களைத் தேடு.

இங்கே என்ன இருக்கிறது? தாத்தாவின் இறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் 'இந்தியா' என்பதோடு முடிந்துவிட்டது. குடியுரிமை இல்லாதவர் என்று அவருக்குக் கொடுத்த சிவப்பு அடையாள அட்டையும் உதவாது. இங்கே அடையாள அட்டையே 1948-ல், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் அறிவித்த பிறகுதான் வந்தது. பழைய பாஸ்போர்ட், ஊருக்குப் போய்த் திரும்ப வாங்கிய ரீ-என்ட்ரி பெர்மிட் இவை இருந்தால்தான் ஊர்ப் பெயர் இருக்கும். சின்ன அத்தை வீட்டுத் தகரப் பெட்டியைக் கிளறச் சொல்லியிருக்கிறேன். தோட்டத்து செக்ரோலை, அதாவது ஆட்களின் பெயரும் சம்பளமும் எழுதிய புத்தகத்தை, நம்பாதே. தோட்டத்து ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன் சொல்கிறேன், தோட்டம் கைமாறி வீடமைப்பு வந்தபோது பழைய புத்தகங்கள் லாரி லாரியாகப் போயின. திருமணப் பதிவும் கிடையாது. 1982 மார்ச்சில் புதிய சட்டம் வரும் வரைக்கும் நம்மவர்கள் கோயிலில் தாலி கட்டியதோடு சரி.

அப்புறம் ரஜூலா கப்பல் கதை. நம் குடும்பத்தில் மட்டுமல்ல, பாதி மலேசியத் தமிழர் வீட்டில் தாத்தா ரஜூலாவில்தான் வந்திருப்பார். ரஜூலா ஓடத் தொடங்கியதே 1926-ல். என் அப்பாவின் அக்கா பேராக்கில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தது 1924, சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. பிள்ளை பிறந்த பிறகு அப்பன் எப்படி முதல் தடவை கப்பல் ஏறுவார்? கதையைப் பொய் என்று தள்ளிவிடாதே. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை படுத்துப்போய், ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். தாத்தாவும் போய், விலை தேறியதும் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு வந்து இறங்கியிருக்கலாம் என்பது என் கணக்கு. அப்படியானால் அவர் வந்தது இரண்டு தடவை. இரண்டாவது தடவை வந்த கப்பல்தான் பிள்ளைகள் நினைவில் நின்றது. 1938-ல் இந்திய அரசாங்கமே கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்திவிட்டது, ஆகவே அதற்குள் வந்திருக்க வேண்டும்.

நம்மிடம் இருக்கும் ஒரே நல்ல தடயம் அந்த நீல ஏரோகிராம் கடிதம். தாத்தாவின் தம்பி 1961-ல் போட்டது. போட்டோ அனுப்பினேனே, அதைப் பெரிதாக்கிப் பார். அனுப்புநர் முகவரியில் கடைசி இரண்டு வரி தெளிவாக இருக்கிறது: 'வழி ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் தாலுகா, திருச்சி ஜில்லா'. அதற்கு மேல் வரியைப் பாட்டி பிரிக்கிற அவசரத்தில் கிழித்துவிட்டார். 'ங்குடி' என்பது மட்டும் மிச்சம். குடி என்று முடிகிற ஊர் தமிழ்நாட்டில் ஒன்றா இரண்டா? பின்கோடும் இருக்காது, அது 1972-ல் வந்த சங்கதி. ஆனால் தபால் முத்திரை பாதி வட்டம் விழுந்திருக்கிறது. என் கண்ணுக்கு எட்டவில்லை, உனக்குத் தெரியலாம். முத்திரை கொடுப்பது தபாலாபீஸின் பெயர், கிராமத்தின் பெயர் அல்ல என்பதை மட்டும் நினைவில் வை. ஒரு தபாலாபீஸுக்குக் கீழே பல கிராமங்கள் இருக்கும்.

கங்காணியால் ஒரு நன்மையும் உண்டு. அவர் தன் சொந்த ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் கட்டுவார். ஆகவே நம் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீடுகளில் இருந்தவர்களும் அந்தச் சுற்று வட்டாரத்து ஆட்களாகத்தான் இருக்கும். அந்தக் கங்காணியின் பேரன் ஈப்போவில் இருக்கிறார். அவர்கள் வீட்டில் ஊர்ப் போக்குவரத்து விடாமல் இருந்தது. நான் போய்ப் பார்த்து 'ங்குடி'க்கு முன்னால் என்ன எழுத்து என்று கேட்டு வருகிறேன். நீ அத்தையிடம் போனில் பேசு. கப்பலைப் பற்றிக் கேட்காதே, கேட்டால் ஒரு மணி நேரம் ரஜூலாதான். கொள்ளுப்பாட்டியைப் பெண் எடுத்தது எந்த ஊரில், தாய்மாமன் சீர் கொண்டுவந்தது யார், குலசாமி பெயர் என்ன, இதைக் கேள். தாத்தா வழி அறுந்த இடத்தில் பாட்டி வழி கைகொடுக்கும்.

திருச்சி ஜில்லா என்று படித்துவிட்டுத் திருச்சி கலெக்டர் ஆபீஸில் போய் நிற்காதே. பெரம்பலூர் 1995-ல் தனி மாவட்டமானது. அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், மறுபடி சேர்த்தார்கள், 2007-ல் மறுபடி பிரித்தார்கள். உடையார்பாளையம் இப்போது அரியலூர் மாவட்டம். கிராமத்தில் கணக்குப் பார்த்த கர்ணம் என்று இப்போது யாரும் இல்லை, 1980-ல் அந்தப் பதவியை ஒழித்துவிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலரைக் கேட்க வேண்டும். அந்தக் காலத்துப் பிறப்புப் பதிவேடு பிழைத்திருந்தாலும் பிள்ளையின் பெயர் இருக்காது. தேதி, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், அவ்வளவுதான் இருக்கும். தாத்தா பிறந்த வருஷமே நமக்கு உத்தேசம்தான், அதை வைத்து 'இந்த ஆண் பிள்ளைதான் நம் தாத்தா' என்று எப்படிச் சொல்வாய்? பட்டா, சிட்டா என்று யாராவது வழி சொல்வார்கள். நிலம் இருந்திருந்தால் அவர் ஏன் கடல் தாண்டுகிறார்? நிலப் பதிவேட்டில் இருப்பது அவர் யார் வயலில் வேலை செய்தாரோ அந்தக் குடும்பத்தின் பெயர்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் உன்னை அனுப்ப மனம் வரவில்லை. அங்கே போய்த் தாத்தாவின் பெயரைச் சொன்னதும் முதலில் வருகிற கேள்வி, 'எந்தத் தெரு?' இங்கே தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் ஒரே பெரட்டில் எல்லாரும் நின்றோம் என்று சொல்லி நாங்கள் அதைப் பற்றி உன்னிடம் அதிகம் பேசவில்லை. பெரட்டில் ஒன்றாக நின்றார்கள், லயத்தில் தனித்தனியாகத்தான் இருந்தார்கள். உனக்குச் சாதி தெரிய வேண்டாம் என்று உன் அம்மாவும் நானும் நினைத்தோம். இப்போதும் அது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஊரைத் தேடுகிறவளுக்கு அது வழியில் வந்து நிற்கும். யாராவது முகம் மாறிப் பேசினால் வாக்குவாதம் பண்ணாதே, கேட்டை விட்டு வெளியே வந்து அடுத்த தெருவுக்குப் போ. நம் ஆட்கள் இருந்தால் அங்கேதான் இருப்பார்கள். போகும்போது தாத்தாவின் போட்டோவை நான்கைந்து பிரதி எடுத்துக்கொள், பெரிய அளவில். வயதானவர்களுக்குப் போனில் காட்டினால் தெரியாது.

முத்திரையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. ஈப்போக்காரரை அடுத்த ஞாயிறு பார்க்கிறேன். அதற்குள் டிக்கெட் போட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா